குற்றாலத்துல மணி என்ன மாப்ள?

செமஸ்டர் ரிசல்ட் எல்லாம் எப்படி? சரி சரி, முறைக்காதீங்க. அரியர் கதையை இன்னொரு வாரம் பேசிக்கலாம். இந்த வாரம் நான் வாங்கின ஒரு பெரிய பல்பு பத்திதான் மேட்டர். பல்பு எரிஞ்ச இடம் குற்றாலம். எரிய வச்சது வெறும் அஞ்சரை மணி நேரம்!

சனிக்கிழமை காணாமப் போச்சு

ஐந்தருவி ரோட்டுல நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் சின்னதா ஒரு லாட்ஜ் வச்சிருக்கார். பத்து ரூம். சீசன் வந்துட்டா போன் ஓயாது. “தம்பி, நீ கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுதியாமே... ரூம் புக் பண்ண ஒண்ணு செஞ்சு குடேன்”னு கேட்டார். விடுவோமா? ரெண்டு நைட் கண்ணு முழிச்சு, ஜாவாஸ்கிரிப்ட்ல முன்பக்கம், ஜாவாவுல பின்பக்கம்னு ஒரு பக்கத்தை ரெடி பண்ணிட்டேன். தேதியைத் தொட்டா காலண்டர் விரியும். ரூமைத் தொட்டா பச்சை கலர் மாறும். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு காலர் ரெண்டு இஞ்ச் மேல ஏறிடுச்சு.

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

“ஏ தம்பி, என்னடே செஞ்சு வச்சிருக்க? மதுரையில இருந்து குடும்பமா வந்து நிக்காவ. கைப்புள்ள வேற இருக்கு. மழை ஊத்துது. பேரு வெள்ளிக்கிழமைல கிடக்கு, ஆளு சனிக்கிழமை வந்து நிக்காவ! நேத்து ரூமைப் பூட்டிப் போட்டு ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்தேன். இன்னிக்கு வேற ஆளுக்குக் குடுத்தாச்சு!”

அடிச்சுப் பிடிச்சு ஓடினேன். அந்த அண்ணன் செல்போனை நீட்டினார். என் பக்கம் அனுப்பின எஸ்எம்எஸ்லயே 9-ம் தேதின்னு பளிச்சுனு இருக்கு. லாட்ஜ் லிஸ்ட்ல 8-ம் தேதி. ரெண்டையும் எழுதினவன் நான் ஒருத்தன்தான். தூக்கத்துல சிணுங்குற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... எந்த வைவாவுலயும் நான் அப்படி முழிச்சதில்லை. சீசன் சனிக்கிழமை, ஊர் முழுக்க ஒரு ரூம் கிடையாது. கடைசியில அண்ணாச்சி தன் வீட்டு மாடியை ஒழிச்சுக் குடுத்தார்.

அஞ்சரை மணி நேரக் கள்ளன்

அந்த ஒரு நாளை யாரு திருடினா? வீட்டுக்கு வந்து கோடைத் திறந்து பார்த்தா, திருடன் என் கையெழுத்துலயே உக்காந்திருக்கான்.

காலண்டர்ல நீங்க 9-ம் தேதியைத் தொட்டா, ஜாவாஸ்கிரிப்ட் அதை வெறும் தேதியா வச்சுக்காது. ‘ஆகஸ்ட் 9, ராத்திரி 12 மணி 0 நிமிஷம், இந்திய நேரம்’னு ஒரு நொடியா வச்சுக்கும். நான் அதை சர்வருக்கு அனுப்ப, எல்லாரும் செய்யுற மாதிரி யூடிசி எழுத்தா மாத்தினேன். யூடிசின்னா உலகம் முழுக்கப் பொதுவான நேரம். நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி முன்னாடி ஓடுது. ஆக, இங்க 9-ம் தேதி பிறக்கிற நொடியில யூடிசி கடிகாரத்துல 8-ம் தேதி சாயங்காலம் 6.30. சர்வர்ல நான் என்ன பண்ணினேன்? வந்த எழுத்துல முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, “இதுதான் தேதி”ன்னு டேட்டாபேஸ்ல போட்டுட்டேன். 2025-08-08. முடிஞ்சது கதை.

டெஸ்ட் பண்ணலையாடான்னு கேக்குறீங்களா? பண்ணினேனே! ஆனா எஸ்எம்எஸ்ஸை மட்டும் பார்த்தேன். அது பிரவுசர்லயே உருவானது, அதனால சரியா இருந்துச்சு. அண்ணாச்சி பாக்குற லிஸ்ட்டை நான் திறந்தே பாக்கலை.

இதுல நான் கத்துக்கிட்ட முதல் பாடம்: நொடி வேற, தேதி வேற. ‘பணம் கட்டின நேரம்’ ஒரு நொடி. அது உலகத்துல எங்க இருந்து பார்த்தாலும் ஒரே நொடிதான். அதை யூடிசியில சேமிங்க, பாக்குறவரோட ஊர் நேரத்துல காட்டுங்க. ஆனா ரூம் புக்கிங், பிறந்தநாள், பரீட்சைத் தேதி இதெல்லாம் காலண்டர்ல ஒரு கட்டம். அதுக்கு மணியும் கிடையாது, டைம்ஸோனும் கிடையாது. கட்டத்தைப் போய் நொடியா மாத்தினா, ஊர் தாண்டும்போது அது பக்கத்துக் கட்டத்துக்கு நழுவிடும்.

ஜாவாவுல இதுக்குத் தனித்தனி டப்பாவே இருக்கு. நொடிக்கு ‘இன்ஸ்டன்ட்’. வெறும் தேதிக்கு ‘லோக்கல்டேட்’. ஊரோட சேர்ந்த நேரத்துக்கு ‘ஸோன்டுடேட்டைம்’. 2014 மார்ச்ல வந்த ஜாவா 8-ல இருந்து இருக்கு. அதுக்கு முன்னாடி இருந்த பழைய ‘டேட்’ கிளாஸ் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டுக் குலுக்கினது. பழைய ‘காலண்டர்’ கிளாஸ்ல ஜனவரி மாசம் 0, டிசம்பர் 11! ஜாவாஸ்கிரிப்ட்டோட ‘டேட்’ அந்தப் பழைய ஜாவாவைப் பார்த்து எழுதினது, அதனால அங்க இன்னிக்கும் ஜனவரி 0 தான். ஸ்டீபன் கோல்போர்ன் என்கிறவர் இந்தக் கொடுமை பொறுக்காம ‘ஜோடா டைம்’னு தனி லைப்ரரி எழுதினார். அந்த அனுபவத்துல இருந்து பிறந்ததுதான் ஜாவா 8-ன் புது டப்பாக்கள். உங்க லேப் மேனுவல்ல இன்னும் பழைய கிளாஸ்தான் இருக்கா? மேனுவலுக்கு மார்க் வாங்க அதை எழுதுங்க, பிராஜெக்ட்டுக்குப் புதுசை எடுங்க.

இங்க ஓடும்... அங்க ஓடாது

என் பல்பாவது நம்ம ஊர்லயே எரிஞ்சுது. இதுக்கு நேர் எதிரா ஒரு வகை இருக்கு, அதுதான் டேஞ்சர்.

‘2004-08-15’னு ஒரு பிறந்தநாளை அப்படியே ஜாவாஸ்கிரிப்ட் ‘டேட்’கிட்ட குடுங்க. அது ‘யூடிசி நள்ளிரவு’ன்னு எடுத்துக்கும். தென்காசியில உக்காந்து பார்த்தா 15-ம் தேதி காலை 5.30. தேதி சரி. டெஸ்ட் பாஸ். டீ குடிக்கப் போயிடுவோம். அதே பக்கத்தை நியூயார்க்ல ஒருத்தர் திறந்தா, அவருக்கு அது 14-ம் தேதி ராத்திரி 8 மணி. பிறந்தநாள் ஒரு நாள் முன்னாடி வந்துடும். நீங்க எத்தனை தடவை டெஸ்ட் பண்ணினாலும் இந்தத் தப்பு உங்க கண்ணுல படாது. ஏன்னா நீங்க இருக்கிற இடம் அப்படி!

இது யாருக்கோ நடக்குற கதை இல்லை மக்கா. தென்காசி பக்கத்துல மத்தளம்பாறையில ஸோஹோ 2011-ல ஆபீஸ் திறந்துச்சு. கஸ்டமர் சர்வீஸுக்கான ‘ஸோஹோ டெஸ்க்’ அங்க இருக்கிற டீம் உருவாக்கினதுதான். வயல், தோப்பு, மலைக்கு நடுவுல எழுதுற கோடு வெளிநாட்டு ஆபீஸ்ல ஓடுது. அந்த மாதிரி ஒரு சாஃப்ட்வேரை மனசுல வச்சுக்கிட்டு யோசிங்க. ஜூலை மாசம், நியூயார்க்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு ஒருத்தர் புகார் குடுக்கறார். தென்காசியில அப்போ சனிக்கிழமை விடிகாலை 2.30. இது வெள்ளிக்கிழமைக் கணக்கா, சனிக்கிழமைக் கணக்கா? ‘நாலு மணி நேரத்துக்குள்ள பதில்’னு வாக்கு குடுத்திருந்தா எப்ப முடியுது? இதுக்குப் பதில் தெரியாம அந்த கோடை எழுத முடியாது. நாளைக்கு அந்த நாற்காலியில உக்காரப் போறது நீங்களா கூட இருக்கலாம்.

அதனால ரெண்டாவது பாடம்: கோடு எழுதி முடிச்சதும் லேப்டாப்போட டைம்ஸோனை ஒரு தடவை நியூயார்க்குக்கு மாத்துங்க. அப்புறம் நியூஸிலாந்து ஆக்லாந்துக்கு மாத்துங்க. ரெண்டுலயும் தேதி நழுவலைன்னா தைரியமா அனுப்பலாம். விசா, டிக்கெட் இல்லாம ஃபாரின் டூர்!

அஞ்சரை என்ன பரம்பரைச் சொத்தா?

“எதுக்கு இவ்வளவு? யூடிசியோட 5.30 கூட்டிட்டா முடிஞ்சுதே”ன்னு ஒரு நண்பன் கேட்டான். இந்தியாவுக்கு இன்னிக்கு அது சரி. ஆனா நேரங்கறது சூரியன் மட்டும் முடிவு பண்றது இல்லை, சர்க்கார் முடிவு பண்றது.

நம்ம 5.30 எங்க இருந்து வந்துச்சு? மிர்ஸாபூர் பக்கமாப் போற 82.5 டிகிரி தீர்க்கரேகையில இருந்து. தென்காசி இருக்கிறது 77.3 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். கணக்குப் போட்டா, நம்ம ஊர் சூரியன் கடிகாரத்தைவிட ஏறக்குறைய 21 நிமிஷம் லேட்டு! குற்றாலத்துல வாட்ச் 12 காட்டும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. 8.45 கிளாஸுக்கு 9 மணிக்கு மேல போறவங்க இதைக் காரணமா சொல்லிப் பாருங்க, எச்ஓடி ரசிக்கிறாரான்னு பார்ப்போம்.

இந்த 5.30 வந்ததே 1906 ஜனவரி 1-ல தான். அதுக்கு முன்னாடி நாட்டுல பெரும்பாலான ரயில்கள் ஓடினது ‘மெட்ராஸ் டைம்’ல. நுங்கம்பாக்கத்துல 1792-ல எழும்பின மெட்ராஸ் வானாய்வகத்தோட நேரம். யூடிசியைவிட 5 மணி 21 நிமிஷம் 10 நொடி முன்னாடி. அது செத்துப் போச்சுன்னு நினைச்சீங்களா? இன்றைய ஜாவாவுல ‘ஏஷியா/கொல்கத்தா’ங்கற டைம்ஸோனை எடுத்து, 1900-ம் வருஷத்துல ஒரு தேதியைக் குடுத்துப் பாருங்க. 5.30 வராது, 5:21:10 வரும்! நுங்கம்பாக்கத்துக் கடிகாரம் உங்க லேப்டாப்புக்குள்ள இன்னும் ஓடிட்டிருக்கு.

எப்படி? உலகத்துல எந்த ஊரு எப்ப நேரத்தை மாத்துச்சுன்னு தொகுத்து வச்ச ஒரு டேட்டாபேஸ் இருக்கு. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-கள்ல ஆரம்பிச்சது. லினக்ஸ், ஜாவா, பைத்தான், ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் நம்புது. அதுல நாட்டுப் பேரு இருக்காது, பெரிய ஊரோட பேரு இருக்கும். ‘ஏன் டெல்லி இல்லை’ன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில். 2008 வரைக்கும் அது ‘கல்கட்டா’தான், அப்புறம்தான் ‘கொல்கத்தா’ ஆச்சு.

இன்னொண்ணு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, 1942 செப்டம்பர்ல இருந்து 1945 அக்டோபர் வரைக்கும், இந்தியக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருந்தாங்க. அப்ப யூடிசி கூட்டல் 6.30. உங்க தாத்தா 1943-ல காலை 6 மணிக்குப் பிறந்திருந்தா, இன்றைய கணக்குல அது 5 மணி. விஷயம் தெரிஞ்ச ஜோசியர் அந்த ஒரு மணி நேரத்தைக் கழிச்சுட்டுத்தான் கட்டம் போடுவார். 5.30-ஐ நேரடியா எழுதி வச்ச ஜாதக சாஃப்ட்வேர் தாத்தாவோட லக்னத்தையே மாத்தினாலும் மாத்திடும்.

பக்கத்துல இலங்கையைப் பாருங்க. 1996 மே மாசம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக 6.30-க்குப் போனாங்க. அதே வருஷம் அக்டோபர்ல 6-க்கு இறங்கினாங்க. 2006 ஏப்ரல்ல திரும்ப 5.30. அந்த வருஷங்கள்ல வன்னியில புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதிகள்ல பழைய 5.30-யே ஓடுச்சு. ஒரே தீவுல, ஒரே மொழி பேசுற ரெண்டு ஊருக்கு நடுவுல ரெண்டு மணி! 1998-ல கொழும்புல காலை 9 மணிக்கு அனுப்பின மெயில், நம்ம நேரத்துக்கு 8.30. ‘இலங்கையும் நம்ம மாதிரி 5.30 தானே’ன்னு எண்ணை எழுதி வச்சா அரை மணி தப்பு. ‘ஏஷியா/கொழும்பு’ன்னு ஊர்ப் பேரை எழுதினா டேட்டாபேஸ் பார்த்துக்கும்.

மூணாவது பாடம் புரிஞ்சுதா? எண்ணை எழுதாதீங்க, ஊர்ப் பேரை எழுதுங்க. மூணெழுத்துச் சுருக்கமும் வேண்டாம். ‘ஐஎஸ்டி’ன்னா நமக்கு இந்தியா. இஸ்ரேல்காரருக்கு இஸ்ரேல், அயர்லாந்துக்காரருக்கு அயர்லாந்து!

ஏழா? எட்டா?

இப்போ தேதியை எழுதுற விதம். என் ஜூனியர் பொண்ணு ஒருத்திக்கு ஒரு கம்பெனியில இருந்து மெயில். ‘ஆன்லைன் டெஸ்ட் 07/08, காலை 9.30.’ அவ ஆகஸ்ட் 7-க்கு வெறித்தனமா படிச்சுட்டு இருந்தா. டெஸ்ட் ஜூலை 8-ல முடிஞ்சு போச்சு. அனுப்பினவங்க அமெரிக்கா முறையில மாசத்தை முதல்ல எழுதியிருக்காங்க. நாம தேதியை முதல்ல படிப்போம். அவ திரும்ப எழுதிக் கேட்டா, பதிலே வரலை. ஒரு சாய்வுக் கோடு ஒரு வேலையைச் சாப்பிட்டுடுச்சு.

இந்தத் தப்பு நடக்காத ஒரு டாக்குமென்ட் நம்ம ஊர்ல இருக்கு. கல்யாணப் பத்திரிகை! ‘விசுவாவசு வருஷம் ஆவணி மாதம் 12-ம் தேதி, 28-08-2025, வியாழக்கிழமை’. நம்ம திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் கொல்லம் ஆண்டு 1201-னு அதையும் சேர்த்துப் போடுவாங்க. படிக்கும்போது சிரிப்போம். ஆனா பிரஸ்ல ஒரு எண் மாறினாலும் கிழமை காட்டிக் குடுத்துடும்.

அதனால மனுஷங்களுக்கு எழுதும்போது மாசத்தை எழுத்தால எழுதுங்க, கிழமையையும் போடுங்க. மெஷினுக்கு எழுதும்போது வருஷம்-மாசம்-தேதி, 2025-08-28. இது உலகத் தரம், ஐஎஸ்ஓ 8601, 1988-ல வந்தது. வெறும் எழுத்தா வரிசைப்படுத்தினாலே காலவரிசை வந்துடும். உங்க ஃபைல் பேர்கள்லயும் போட்டுப் பாருங்க. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ தொல்லை ஒழியும்.

கோடுல ஃபார்மேட் எழுதும்போது மூணு குழி இருக்கு, பார்த்து நடங்க:

ஒண்ணு, ஜாவாவுல பெரிய எம் மாசம், சின்ன எம் நிமிஷம். பைத்தான்ல அப்படியே தலைகீழ், சின்ன எம் தான் மாசம். மாத்திப் போட்டா எரர் வராது. 10.45-க்கு ஓட்டினா 45-வது மாசம் வரும், அவ்வளவுதான்.

ரெண்டு, ஜாவாவுல பெரிய எச் 24 மணிக் கணக்கு, சின்ன எச் 12 மணிக் கணக்கு. சின்னதைப் போட்டு முற்பகல், பிற்பகலை விட்டுட்டா, ராத்திரி 9 மணி பஸ்ஸு காலை 9-க்கே கிளம்பிடும்.

மூணு, இதுதான் எமகாதகன். சின்ன ஒய் சாதாரண வருஷம். பெரிய ஒய் வாரக் கணக்கு வருஷம். 2024 டிசம்பர் 30-ஐப் பெரிய ஒய் போட்டு எழுதினா 2025 டிசம்பர் 30-னு வரும்! ஏன்னா அந்த வாரம் 2025-ன் முதல் வாரக் கணக்குல சேருது. வருஷம் பூரா சரியா ஓடும். எல்லாரும் லீவுல போன கடைசி வாரத்துல கழுத்தைப் பிடிக்கும்.

கடைசியா...

அந்த மதுரைக் குடும்பம் மறுநாள் அருவியில குளிச்சுட்டு, மிளகா பஜ்ஜி சாப்பிட்டுட்டு, சிரிச்ச முகத்தோடதான் கிளம்பினாங்க. பணத்தைத் திருப்பிக் குடுத்தும் பாதிதான் வாங்கிக்கிட்டாங்க. அந்த அக்கா மட்டும் போகும்போது, “தம்பி, அடுத்த தடவை நான் போன்லயே புக் பண்ணிக்கிடுதேன்”னாங்க. ஹும்!

நான் கோடைத் திருத்தினேன். தேதி இப்போ பிரவுசர்ல இருந்தே வெறும் தேதியாப் போகுது. சர்வர்ல ‘லோக்கல்டேட்’. திருத்தி முடிச்சதும் அண்ணாச்சிகிட்ட லிஸ்ட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“எல்லாம் சரிதான்டே. தேதிக்குப் பக்கத்துல கிழமையையும் போட்டுக் குடு. அன்னிக்கு ‘வெள்ளி’ன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா, போன் போட்டு ‘வெள்ளிக்கிழமையா வாரிய?’ன்னு கேட்டிருப்பேம்லா?”

பத்தாங்கிளாஸ் தாண்டாத மனுஷன். நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிச்ச எனக்கு அது தோணலை. அன்னிக்கே கிழமைக்கு ஒரு கட்டம் சேர்த்துட்டேன்.

உங்க பிராஜெக்ட்ல தேதி எங்கெல்லாம் வருதுன்னு இந்த வாரம் ஒரு தடவை தேடிப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரே ஒரு கேள்வி: இது நொடியா, தேதியா? நொடின்னா, எந்த ஊர்ல? பதில் சொல்ல முடியாத இடத்துலதான் யாரோ ஒரு குடும்பம் மழையில நிக்கப் போகுது.

அடுத்த வாரம், ‘சேமிச்ச தமிழ்ப் பேரெல்லாம் ஏன் கேள்விக்குறியா மாறுது?’ங்கற மேட்டரோட வரேன். அதுவரைக்கும்... டாட்டா மக்கா!